அத்தியாயம் 5: காசு இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு வட்டாரத்தில் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பேச்சு வந்தால் வீட்டில் முதலில் விழும் கேள்வி, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கான கணக்கு இந்த அத்தியாயத்திலேயே பின்னால் வருகிறது. அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களிடம் இருப்பதில் எவ்வளவு காகிதத்தில் இருக்கிறது?

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சை. ஊரில் சொந்த வீடு. அம்மாவிடம் முப்பது பவுன். அப்பா உளுந்தும் மக்காச்சோளமும் போடுவதோடு டவுனில் சின்னதாக ஓர் உரக்கடையும் வைத்திருக்கிறார். ஊர்க் கணக்கில் வசதியான குடும்பம்தான். பெண் கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். அதே குடும்பம் வங்கி மேலாளரின் மேஜையிலோ விசா அதிகாரியின் கணினியிலோ எப்படித் தெரிகிறது? தாத்தா பெயரில் கூட்டுப்பட்டா. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. சேமிப்புக் கணக்கில் சில ஆயிரங்கள். நகைக்கு ரசீது கிடையாது. உரக்கடை வரவு செலவு நோட்டில் மட்டும். ஏறத்தாழ ஒன்றுமே இல்லாத குடும்பம்.

கரிசல் பகுதியிலிருந்து போக முயன்று பாதியில் நின்றவர்களில் பலர் மதிப்பெண்ணால் நிற்கவில்லை, பணமே இல்லாமலும் நிற்கவில்லை. இருந்த பணத்தைக் காட்ட முடியாமல் நின்றார்கள். காட்டும்படி மாற்றுவதற்கு இரண்டு வருடம் ஆகும். ஆகவே பிள்ளை கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே வீட்டில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

நிலம் இருக்கிறது, அடமானத்துக்கு ஆகாது

வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு எதுவும் வேண்டாம். 4 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். அதற்கு மேல் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே 7.5 லட்சத்தைத் தாண்டும் என்பதால், நம் பேச்சு அடமானத்தில்தான் தொடங்குகிறது. சில வங்கிகள் தாங்கள் பட்டியலிட்டு வைத்திருக்கும் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு அடமானம் இல்லாமலே பெரிய தொகை தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அடமானம் என்றதும் நம்மவர்கள் புஞ்சைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை வாங்குவதில்லை. மானாவாரிக்கு மதிப்பு குறைவு என்பது மட்டும் காரணமில்லை. வாராக்கடன் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்தை அந்த அதிகாரத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. விவசாயியின் காட்டைக் காப்பாற்ற வைத்த அந்த விதிதான், கடன் கேட்டுப் போகும் விவசாயி மகளுக்குக் குறுக்கே நிற்கிறது. மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் அது இல்லை.

வங்கி ஏற்பவை இவை: வீடு, கட்டடம், நகரமைப்புத் துறை அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புநிதி, தேசிய சேமிப்புப் பத்திரம், எல்ஐசி பாலிசியின் சரண்டர் மதிப்பு. கிராமத்து வீட்டை நத்தம் பட்டாவும் வீட்டுவரி ரசீதும் இருந்தால் சில கிளைகள் ஏற்கும்; சில கிளைகள் நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும். கோவில்பட்டி புறவழிச்சாலை ஓரங்களில் கல் ஊன்றி விற்ற மனையை வாங்கிப் போட்டவர்கள் அங்கீகார எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாத மனைக்கு வங்கியில் மதிப்பு சுழி.

இனிப் பத்திரங்கள். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, தனிப்பட்டா, கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது ஆகியவற்றை வங்கியின் வக்கீல் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவார். பொறியாளர் வந்து மதிப்புப் போடுவார். கூட்டுப்பட்டா என்றால் அங்கேயே நிற்கும். தாத்தா பெயரிலேயே இருக்கும் வீட்டுக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் அத்தைமாரும் கையெழுத்துப் போட வேண்டும். "பெண் பிள்ளைகளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று வீட்டில் சொல்வது பதிவு அலுவலகத்தில் செல்லாது. ஒரு சித்தப்பா அகமதாபாத்தில், ஓர் அத்தை மும்பையில் என்று சிதறிய குடும்பங்கள் இங்கே நிறைய. எல்லோரும் ஊருக்கு வரும் பங்குனிப் பொங்கலையோ ஒரு கல்யாணத்தையோ பார்த்துக் கையெழுத்தை முடித்துவிடுங்கள். உறவில் மனக்கசப்பு இருந்தால் அதைத் தீர்க்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, ஐஇஎல்டிஎஸ் படிப்பதைவிட இதற்கு அதிக நாள் ஆகும்.

நிலத்தை விற்றுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: காட்டை 15 லட்சத்துக்குப் பேசி, வழிகாட்டி மதிப்பான 5 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்து, மீதியை ரொக்கமாக வாங்குவது இங்கே ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் உங்கள் கையில் 15 லட்சம் இருக்கும். காகிதத்தில் 5 லட்சம்தான் இருக்கும். மிச்ச 10 லட்சத்தை வங்கியில் போட்டால் "இது எங்கிருந்து வந்தது?" என்று விசா அதிகாரியும் கேட்பார், வருமான வரித் துறையும் கேட்கும். இரண்டு பேருக்கும் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. விற்பதாக இருந்தால் முழு விலைக்கும் பத்திரம் பதியச் சம்மதிக்கும் ஆளுக்கு, வங்கிக் கணக்கு வழியாக மட்டும் விற்க வேண்டும். விலை சற்றுக் குறைந்தாலும் அதுதான் லாபம். என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு வருடச் செலவுக்காகக் காட்டை விற்க வேண்டாம் என்பேன். ஒரு முறை கைவிட்ட கரிசலை அதே விலைக்குத் திரும்ப வாங்கியவர்களை இந்தப் பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வருமானத்துக்குக் காகிதம்

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே கணக்குத் தாக்கல் செய்யவே வேண்டியதில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். தாக்கல் செய்யலாம், விவசாய வருமானத்தை வரிவிலக்கு வருமானம் என்ற இடத்தில் காட்டலாம். கடை, தீப்பெட்டி ஆபீஸ் பங்கு, டிராக்டர் வாடகை என்று வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துக் காட்டுங்கள். வரி கட்ட வேண்டிய அளவு வராவிட்டாலும் வருடா வருடம் தாக்கல் செய்யுங்கள். கடன் தரும் வங்கி கடந்த இரண்டு மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். கடன் கேட்கும் மாதத்தில் மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் தாக்கல் செய்த கணக்கை எந்த மேலாளரும் ரசிப்பதில்லை.

விளைச்சலையும் காகிதமாக்க வழி இருக்கிறது. களத்திலேயே வியாபாரிக்கு எடை போட்டு ரொக்கம் வாங்குவதற்குப் பதில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உளுந்தையோ பருத்தியையோ விற்றால் ரசீது கிடைக்கிறது, பணம் கணக்கில் ஏறுகிறது. விலை படிந்து வரும் வரை சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். இரண்டு மூன்று மகசூல் இப்படி விற்றிருந்தால், உங்கள் பாஸ்புக்கே உங்கள் காட்டின் வரலாற்றைச் சொல்லும்.

வருமானச் சான்றிதழில் ஒரு சிக்கல். கல்லூரி உதவித்தொகைக்காக ஆண்டு வருமானம் 72,000 என்று வாங்கிய சான்றிதழும், கடனுக்காக 8 லட்சம் என்று காட்டும் வருமான வரிக் கணக்கும் ஒரே வருடத்தில், ஒரே அப்பா பெயரில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். இரண்டும் ஒரே கோப்பில் சேரும் நாள் வரும். உதவித்தொகைப் பாதையா, கடன் பாதையா என்று குடும்பம் முன்பே முடிவு செய்து, உண்மையான ஒரே எண்ணை எல்லா இடத்திலும் எழுத வேண்டும்.

அப்பா அம்மாவின் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். அம்மாவின் குழுக் கடன், தள்ளுபடி ஆகிவிட்டது என்று மறந்துபோன பழைய பயிர்க் கடன், மாமாவுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால், கிளையில் எழுதிக் கொடுத்துத் திருத்த ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு

ஜெர்மனியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடுத்தர விவசாயக் குடும்பத்துக் கைக்கு எட்டும் தொகையில் நல்ல படிப்பு கிடைக்கும் நாடு அது என்பது என் எண்ணம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு 100 முதல் 400 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அங்கே பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் வாங்குகிறது.

பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட். அதாவது முடக்கக் கணக்கு. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அது கட்டணம் அல்ல; அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் பிள்ளைக்கே திரும்பி வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் இது மட்டும் 11.9 லட்சம். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். யூனி-அசிஸ்ட் என்ற விண்ணப்பச் சேவை வழியாக ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தால் முதலாவதற்கு 75, அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30 என்று 195 யூரோ. விசாவுக்கு 75 யூரோ. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஏறக்குறைய 18,000 ரூபாய். விமானம், குளிருடை, முதல் மாத வீட்டு முன்பணம் எல்லாம் சேர்த்தால் முதல் வருடத்துக்கு 14 லட்சத்தைத் தொடும். இரண்டாம் வருடம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவும். அதை நம்பி ஊரில் கடன் தவணையை ஏற்காதீர்கள். ஜெர்மன் மொழி தெரியாமல் முதல் வருடம் நல்ல வேலை கிடைப்பது கடினம், ஆகவே ஊரிலிருந்தே மொழி படிக்கத் தொடங்குவதும் செலவுக் கணக்கில் சேரும்.

பிரிட்டனில் முதுகலை ஒரு வருடம்தான். அதுவே அதன் கவர்ச்சி. ஆனால் கல்விக் கட்டணம் 18,000 பவுண்டு என்று வைத்தால், அதோடு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு காட்ட வேண்டும். அதன்மேல் சுகாதார வரி 1,164, விசா 524. பவுண்டு 120 ரூபாய் என்றால் மொத்தம் 36 லட்சத்தைத் தாண்டும். காட்ட வேண்டிய கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அதில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. தாய்மாமா கணக்கில் கோடி இருந்தாலும் அங்கே எடுபடாது. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் வேண்டும். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் 'சண்முகம்' என்றும் வங்கியில் 'சண்முகய்யா' என்றும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அமெரிக்கா பற்றிச் சுருக்கமாக: பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வர முதல் வருடச் செலவு முழுவதையும் காட்ட வேண்டும், செவிஸ் கட்டணம் 350 டாலர். முதுகலையைச் சொந்தச் செலவில் படிக்க 40, 50 லட்சம் சாதாரணமாக ஆகும். ஆனால் முனைவர் படிப்புக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவது அங்கே பரவலான வழக்கம். ஆராய்ச்சியில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது கடன் இல்லாத பாதை. கனடா தனியாக இருக்கும் மாணவரிடம் கல்விக் கட்டணம் போக 22,895 கனடிய டாலரைக் காட்டச் சொல்கிறது. ஆஸ்திரேலியா 29,710 ஆஸ்திரேலிய டாலர், விசாவுக்கு மட்டும் 2,000.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு தனி நூலுக்கான விஷயம். இரண்டு வரி மட்டும்: நீட் தேர்ச்சி இல்லாமல் போய்ப் படித்த பட்டம் இங்கே செல்லாது, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பும் அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் ஆங்கில வழியில் வேண்டும். திரும்பி வந்து எழுதும் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார்.

கடனின் உண்மையான விலை

20 லட்சம் ரூபாய், 10.5 சதவீத வட்டி. படிப்பு இரண்டு வருடம், அதன்பின் ஒரு வருடம் தவணை இல்லாத காலம். இந்த மூன்று வருடமும் தனிவட்டி ஓடும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் 6.3 லட்சம் ஏறி, கடன் 26.3 லட்சம் ஆகும். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 35,500 ரூபாய். அதற்குப் பதில் வீட்டில் மாதம் 17,500 வட்டியைக் கட்டி வந்தால் கடன் 20 லட்சமாகவே நிற்கும், தவணை 27,000. படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகையும் தருகின்றன.

கடன் வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள். அங்கே வேலை கிடைக்காமல் பிள்ளை ஊர் திரும்பி, சென்னையிலோ பெங்களூரிலோ மாதம் 40,000 சம்பளத்தில் சேர்ந்தால் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியாது என்றால் நாட்டை மாற்றுங்கள், அல்லது தொகையைக் குறையுங்கள்.

இன்னும் சில விவரங்கள். 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக் கடனில் 15 சதவீதம் உங்கள் பங்கு. உதவித்தொகை கிடைத்தால் அதையும் அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஜெர்மனிக்கான முடக்கக் கணக்குத் தொகையை எல்லாக் கிளைகளும் கடனில் சேர்க்காது, முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்தால் ஒரு எண் கிடைக்கும். "அப்புறம் வாங்க" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவது கடினமாகிவிடும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், தேவைப்பட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடமும் போகலாம். 2024-இல் வந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவுக்குள் இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும். அதைச் சொல்லி வெளிநாட்டுக்குக் கடன் வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணத்தை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பினால் வங்கி ஒரு சிறு சதவீதத்தை வரியாகப் பிடிக்கும். வங்கிக் கல்விக் கடன் பணத்துக்கு அந்தப் பிடித்தம் இல்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால்.

நகைக் கடனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி அன்றே ஓடத் தொடங்கிவிடும், ஆனால் அரைநாளில் கிடைக்கும். வங்கியில் வைத்தால் ரசீதும் கிடைக்கும். விசாவுக்கு முந்தின மாதத்தில் முடக்கக் கணக்குத் தொகையில் ஏதோ குறைகிறது என்றால் கை கொடுப்பது அதுதான். கந்துவட்டிக்கு மட்டும் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்த தொழில் அது.

உதவித்தொகை

இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு கும்பகோணத்துக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு தனியாகக் கொடுத்தது. கணித மேதைக்கே ஒரு கையிலிருந்து முழுப் பணமும் வரவில்லை. இரண்டு மூன்று இடங்களில் சேர்த்துத் திரட்டுவதுதான் இன்றும் வழி.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தை ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பதினைந்து லட்சம் கடனுக்கு ஜாமீன் தேடி அலைந்த குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தின் பெயரே தெரியாமல் இருப்பது இங்கே நடக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் இனத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு. ஆண்டுக்கு 125 இடங்கள், முன்னணித் தரவரிசைப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்க வேண்டும். சிறுபான்மையினர் டாம்கோவையும், பிற்படுத்தப்பட்டோர் டாப்செட்கோவையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள நலத்துறைப் பிரிவில் விசாரிக்கலாம். இவை குறைந்த வட்டிக் கடன்கள்.

சாதி, வருமானம் பார்க்காதவையும் உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கட்டணத்தையும் ஏற்று மாதம் 1,400 யூரோவும் தருகிறது. ஜே.என். டாடா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை கொடுத்து வருகிறது. இரண்டு வருட வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஜெர்மனியின் டாட் அமைப்பு, பிரிட்டனின் செவனிங் ஆகியவை திறந்திருக்கின்றன. டாட் உதவித்தொகைப் பட்டியலில் வெப்பமண்டல விவசாயம், நீர் மேலாண்மைப் படிப்புகள் இருப்பதை நம் பகுதி வேளாண் பட்டதாரிகள் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நோக்க அறிக்கை எழுதச் சொல்வார்கள். இணையத்திலிருந்து நகல் எடுத்து, "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். தேர்வாளர் அதே வரியைக் காலையிலிருந்து பலமுறை படித்திருப்பார். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழைக்கு மறுபடி மூடிக்கொள்ளும் மண்ணில் வளர்ந்தவர் நீங்கள். அந்த மண்ணுக்கு உலக மண்ணியலில் வெர்டிசால் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலும் சூடானிலும் அதை ஆராய்கிறார்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நீங்கள் பார்த்த ஒரு பருத்தி ரகமோ, மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருடம் உங்கள் வீட்டில் எடுத்த முடிவோ, தீப்பெட்டி ஆபீஸில் இயந்திரம் வந்தபோது பெட்டி ஒட்டிய பெண்களுக்கு என்ன ஆனது என்பதோ, கண்ணால் கண்ட ஒன்றை எழுதி, அதிலிருந்து உங்கள் படிப்புக்கு வாருங்கள். பொறியியல், பொருளாதாரம் எதுவானாலும் இது பொருந்தும்.

பெயரும் இனிஷியலும்

மதிப்பெண் பட்டியலில் 'முத்துக்குமார் எஸ்', ஆதாரில் 'எஸ். முத்துக்குமார்', பான் அட்டையில் 'முத்துக்குமார் சண்முகம்'. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் முத்துக்குமார் என்பது குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் விழும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு, மற்ற ஆவணங்களையும் அதற்கேற்பத் திருத்திவிடுவது நல்லது. திருநெல்வேலி சேவை மையத்துக்கு ஒரு பயணம், 1,500 ரூபாய் கட்டணம், பத்தாண்டு நிம்மதி.

எப்போது எதைச் செய்வது

மேற்கத்திய நாடுகளில் படிப்பு தொடங்குவது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். அமெரிக்க விண்ணப்பங்கள் முந்தின டிசம்பர், ஜனவரியில் முடியும். ஜெர்மனியில் டிசம்பர் முதல் ஜூலை 15 வரை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தேர்வு, ஏபிஎஸ், விண்ணப்பம் என்று சில்லறைச் செலவுகள் குவிவது ஆவணி முதல் மார்கழி வரை. உழவு, விதை, உரம் என்று வீட்டுப் பணம் கரிசலுக்குள் போகும் அதே மாதங்கள். வெள்ளாமை வீடு வந்து காசு புரளும் மாசி, பங்குனியில் செலவு ஒன்றும் இருக்காது. அந்தப் பணம் கல்யாணம், கொடை என்று போய்விடும். பிறகு ஆனி, ஆடியில் முடக்கக் கணக்கு, விசா, விமானம் என்று ஒரே அடியாக வந்து நிற்கும். ஆகவே போக நினைக்கும் வருடத்துக்கு முந்தின மாசியிலேயே ஒன்றரை லட்சத்தைத் தனிக் கணக்கில் எடுத்து வையுங்கள். அதுதான் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும். போகும் வருட மாசி விற்பனையை அப்படியே வைப்புநிதியில் போடுங்கள். மழை பொய்த்த வருடம் என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுவதில் குற்றமில்லை. அனுமதியைத் தள்ளிவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் இடம் கொடுக்கும், கேட்க வேண்டும்.

சென்னை வேலைகளுக்கு நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ இரவு ஏறினால் காலையில் எழும்பூர். விசா நேர்காணலுக்கு அன்று காலைதான் போய் இறங்குவது வேண்டாம், முந்தின நாளே போய்விடுங்கள்.

ஏஜென்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் கட்டணம் வாங்காத ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகின்றன. கமிஷன் தரும் பல்கலைக்கழகங்களே அவர்கள் பட்டியலில் முதலில் வரும். கட்டணம் இல்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் வராது. உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் மாணவர் கையில்தான் இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி உறுதி செய்ய வேண்டும்; 2023-இல் கனடாவில் போலி அனுமதிக் கடிதத்தால் நாடு கடத்தும் உத்தரவு வரை போன இந்திய மாணவர்கள் பலர் ஏஜென்ட் கொடுத்த தாளை அப்படியே நம்பியவர்கள். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராக மட்டும் அனுப்புங்கள்.

இந்த அத்தியாயத்தில் உள்ள விசாத் தொகைகளும் கட்டணங்களும் 2025 இறுதி நிலவரம். ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் மாற்றுகிறது, பெரும்பாலும் கூட்டுகிறது. ரூபாய்க் கணக்கில் பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொண்டு, பணம் கட்டும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் எண்ணைச் சரிபார்த்த பின்னரே கட்டுங்கள்.